ஒரு தொட்டிப் புல்லும் பதினேழு பழுப்புப் பட்டாம்பூச்சிகளும்

முதல் முயற்சியில் 14 புழுக்களில் 11 செத்துப்போயின. மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பா, அடியில் டிஷ்யூ காகிதம், தினமும் காலையில் பறித்துப் போடும் புல். எலுமிச்சைப் பட்டாம்பூச்சியை இப்படித்தான் வளர்த்திருந்தேன். எலுமிச்சை இலை பறித்த பிறகும் ஒரு நாள் முழுக்கத் தாங்கும். புல் தாங்காது. இரண்டு மணி நேரத்தில் இலை நீளவாக்கில் சுருண்டு ஊசி மாதிரி ஆகிவிடும். சுருண்ட இலையைச் சின்னப் புழுவால் கடிக்கவே முடியாது. வாடாமல் இருக்கத் தண்ணீர் தெளித்தால் டப்பாவுக்குள் பூஞ்சை. இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகப் போயின.

அதனால் இரண்டாவது முறை புழுவைப் பற்றி யோசிப்பதை நிறுத்திவிட்டு, மூன்று மாதம் புல்லை மட்டும் வளர்த்தேன். இந்தப் பதிவிலும் புல்லைப் பற்றி நிறைய வரும். பழுப்புப் பட்டாம்பூச்சிகளுக்கு வேறு எதையும்விட அதுதான் முக்கியம்.

பழுப்பன்கள் என்று நண்பர்களுக்குள் சொல்லிக்கொள்ளும் இந்தக் கூட்டத்துக்கு அறிவியலில் சாட்டிரினே என்று பெயர். உலகம் முழுக்க இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட இனங்கள். ஒன்றிரண்டு விலக்குகளைத் தள்ளிவிட்டால் எல்லாமே புல், கோரை, மூங்கில், பனை என்று ஒருவித்திலைத் தாவரங்களைத் தின்று வளர்பவை. பெரும்பாலான புற்களில் நஞ்சு இல்லை. எருக்கைத் தின்னும் புழு அதன் நஞ்சை உடம்பில் சேர்த்துவைத்துப் பளிச்சென்ற நிறத்தில் தைரியமாகத் திரியும். புல் தின்னும் புழுவுக்கு அந்த வசதி கிடையாது. ஒளிந்துகொண்டுதான் பிழைக்க வேண்டும். அதனால்தான் இந்தப் பழுப்பு, காய்ந்த இலை மாதிரி அடிச்சிறகு (சிறகின் அடிப்பக்கம்), ஓரத்தில் எதிரியை ஏமாற்றும் கண்புள்ளிகள். பூவில் உட்கார்ந்து வண்ணம் காட்டும் பூச்சிகளைத் தேடி வருபவர்கள் இவற்றைத் தாண்டிப் போய்விடுவார்கள். நானும் பல வருடம் அப்படித் தாண்டிப் போயிருக்கிறேன். ஒரு முறை குனிந்து உட்கார்ந்து பார்த்ததற்கு அப்புறம் முடியவில்லை.

வளர்ப்பதற்கு ஈவினிங் பிரவுனைத் தேர்ந்தெடுத்தேன். ஸ்வீடன் அறிவியலாளர் லின்னேயஸ் 1758-இலேயே பெயர் வைத்த இனம், மெலனைடிஸ் லெடா. ஆப்பிரிக்காவிலிருந்து ஆசியா வழியாக ஆஸ்திரேலியா வரை பரவியிருக்கிறது. நெல், சோளம், கினிப்புல் என்று பல புற்களைத் தின்னும். எங்கும் சாதாரணமாகக் கிடைப்பதால் எடுத்து வளர்ப்பதில் மனஉறுத்தல் இல்லை. புழு பெரியது என்பதால் பார்க்கவும் வசதி. கூடவே ஃபோர் ரிங் எனும் சின்னப் பழுப்பனையும் வளர்க்கத் திட்டமிட்டேன். அது என்ன ஆயிற்று என்பதைப் பிறகு சொல்கிறேன்.

சரி, புல்.

அகலமான வாயுள்ள ஆறு தொட்டிகள். பாதி மண், பாதி மக்கிய இலை உரம். மூன்றில் நெல் விதைத்தேன், இரண்டில் கினிப்புல் தூர் நட்டேன், ஒன்றில் அருகம்புல். மொத்தத்தையும் ஒரே நாளில் விதைக்கக் கூடாது என்பது என் அனுபவம். பத்து நாள் இடைவெளியில் ஒவ்வொரு தொட்டியாக விதைத்தால், முட்டை பொரியும் நேரத்தில் இளம்புல் ஒரு தொட்டியிலும், கடைசிப் பருவத்தில் முற்றிய புல் இன்னொரு தொட்டியிலும் தயாராக இருக்கும். இதற்குக் காரணம் உண்டு. புல் இலையில் சிலிக்கா படிந்திருக்கும். கினிப்புல் இலையின் ஓரத்தில் விரலை இழுத்தால் ரத்தம் வருவது அந்தச் சிலிக்கா பதிந்த சிறு பற்களால்தான். அப்போதுதான் பொரித்த புழுவின் தாடை முற்றிய இலையில் வேலை செய்யாது. மேல்தோலைச் சுரண்டிவிட்டு நகர்ந்து போய்விடும். மூன்று வாரத்து நெல் நாற்றில் விட்டால் அரை மணியில் இலை ஓரத்தில் சின்னப் பிறை மாதிரி ஒரு வெட்டு தெரியும். அந்தப் பிறையைப் பார்த்துவிட்டால் நிம்மதி.

தொட்டிக்கு மேல் கூண்டு. கெட்டிக் கம்பி மூன்றை மண்ணில் ஊன்றி, மேலே ஒரு வளையம் கட்டி, கொசுவலைத் துணியை உருளையாகத் தைத்துப் போர்த்தினேன். அடியில் தொட்டி விளிம்போடு நாடாவால் இறுக்கிக் கட்டினேன், மேலே சுருக்குப் பை மாதிரி கயிறு. வலை புல் நுனியில் படாமல் ஒரு சாண் உயரம் இருக்க வேண்டும். இல்லையென்றால் வெளியில் இருக்கும் சிலந்தி, கூண்டுத் துணி வழியாகவே புழுவைக் குத்திவிடும். தொட்டியை ஒரு செங்கல் மீது ஏற்றி, செங்கல்லைத் தண்ணீர்த் தட்டில் வைத்தேன். எறும்புக்கு அதுதான் அகழி. தட்டுத் தண்ணீரில் இரண்டு சொட்டு சமையல் எண்ணெய் விட்டால் கொசு பெருகாது.

கூண்டு கட்டுவதற்கு முன் புல்லைத் தூர் வரைக்கும் விலக்கிப் பார்க்க வேண்டும். முதல் தொட்டியில் மட்டும் இரண்டு குதிக்கும் சிலந்தி, ஒரு வெட்டுக்கிளிக் குஞ்சு, ஒரு கும்பிடுபூச்சி முட்டைக்கூடு கிடைத்தன. அந்தக் கூட்டை எடுத்து வெளியே ஒரு செடியில் கட்டிவிட்டேன். பார்க்காமல் விட்டிருந்தால் கூண்டுக்குள் நூறு கும்பிடுபூச்சிக் குஞ்சுகள் பொரித்திருக்கும்.

முட்டைக்குப் பெண்பூச்சி வேண்டும். ஈவினிங் பிரவுன் பகலில் சருகோடு சருகாகக் கிடக்கும். சூரியன் இறங்கிய பிறகுதான் எழுந்து திரியும். பூவுக்கு அவ்வளவாக வராது. அழுகிய பழம், மரத்திலிருந்து கசியும் சாறு இவைதான் அதற்கு. கறுத்துப்போன வாழைப்பழத்தை மசித்து ஒரு தட்டில் வைத்துச் செடி மூட்டில் விட்டேன். மூன்றாவது நாள் அந்தியில் இரண்டு வந்தன. வயிறு உப்பியிருந்ததை வலையில் பிடித்து, கினிப்புல் கூண்டுக்குள் அதே பழத்தோடு விட்டேன். முதல் இரவு ஒன்றும் இல்லை. இரண்டாவது நாள் மாலை கூண்டை விளக்கு வெளிச்சம் படாத மூலைக்கு மாற்றினேன். மறுநாள் காலை இலைகளின் அடியில் 9 முட்டைகள். அடுத்த இரண்டு இரவுகளில் இன்னும் 17. மொத்தம் 26 ஆனதும் பிடித்த இடத்திலேயே பெண்ணை விட்டுவிட்டேன்.

முட்டை சுமார் ஒரு மில்லிமீட்டர் இருக்கும். இளம் மஞ்சள் கலந்த வெள்ளை, கண்ணாடி மணி மாதிரி பளபளப்பு. தனியாகவும் இரண்டு மூன்றாகவும் இலையின் அடியில் ஒட்டியிருந்தன. இரண்டு மட்டும் ஒரு பக்கம் குழி விழுந்து சுருங்கின, அவை பொரிக்கவில்லை. மற்ற 24-இலும் மூன்றாம் நாள் ஒரு கரும்புள்ளி தெரிந்தது. அதுதான் உள்ளே இருக்கும் புழுவின் தலை. லென்ஸ் வைத்துப் பார்த்தால் அந்தப் புள்ளி மெல்ல அசையும்.

இந்த இடத்தில் ஒரு விஷயம். வெளியே புல்லிலிருந்து எடுத்த முட்டைகளும் ஐந்து வைத்திருந்தேன். அவற்றில் மூன்று புள்ளியில்லாமல் முழுக்கச் சாம்பல் நிறமாகக் கறுத்தன. பத்தாம் நாள் அவற்றிலிருந்து தூசு மாதிரி ஒட்டுண்ணிக் குளவிகள் வந்தன. ஒரே முட்டையில் பல. அரை மில்லிமீட்டர்கூட இருக்காது, ஆனால் சிறகு, உணர்கொம்பு எல்லாம் முழுமை. கரும்புள்ளி விழுந்தால் பட்டாம்பூச்சி, முட்டை முழுக்கக் கறுத்தால் குளவி என்று எளிதாக வைத்துக்கொள்ளலாம். குளவி வந்த முட்டைகளைத் தனிப் புட்டியில் வைத்திருந்து வெளியே விட்டேன். அவையும் புல்வெளியில் வாழ்பவைதான்.

நாலாம் நாள் விடியலில் பொரித்தன. வெளிறிய உடம்பு, கறுப்புத் தலை, தலையில் இரண்டு குட்டிக் கொம்புகள். முதல் வேலையாக முட்டை ஓட்டையே தின்றன. அந்த நேரத்தில் எடுத்து மாற்ற நினைக்க வேண்டாம். ஓடு தின்று முடித்து, இலையில் ஏறி உட்கார்ந்த பிறகு, அந்த இலைத் துண்டோடு வெட்டி நாற்றில் செருகினேன். ஓவியத் தூரிகையால் தொட்டு எடுப்பதைவிட இது எவ்வளவோ பத்திரம்.

இனி எனக்கு ரொம்ப ஆசையாக இருந்த பகுதி. ஈவினிங் பிரவுனுக்கு மழைக்கால உருவம், வறட்சிக்கால உருவம் என்று இரண்டு உண்டு. மழைக்காலத்தில் பிறப்பவற்றுக்கு அடிச்சிறகில் மெல்லிய வரிகளும் தெளிவான கண்புள்ளிகளும் இருக்கும். வறட்சிக்காலத்தில் பிறப்பவற்றில் கண்புள்ளிகள் வெறும் பொட்டாகச் சுருங்கி, சிறகு காய்ந்த இலையாகவே மாறிவிடும். ஒன்று செம்மண் நிறம், ஒன்று சாம்பல், ஒன்றில் பூஞ்சை படிந்த மாதிரி கரும்பொட்டு என்று ஒவ்வொன்றும் ஒரு மாதிரி. மழைக்காலத்தில் பச்சைப் புல்லுக்கிடையே ஓடியாடித் திரியும் பூச்சிக்குக் கண்புள்ளி உதவும். பல்லியோ பறவையோ தலையை விட்டுச் சிறகோரத்தைக் கொத்தும். வறட்சியில் சருகுக்குள் அசையாமல் கிடக்கும் பூச்சிக்கு அதே புள்ளி காட்டிக்கொடுத்துவிடும். எந்த உருவம் வரும் என்பதைப் புழுப் பருவத்தின் வெப்பநிலை பெரிதும் தீர்மானிக்கிறது. இதை நுணுக்கமாக ஆராய்ந்தது ஆப்பிரிக்கப் பழுப்பன் ஒன்றில், பைசைக்லஸ் அனைனானா. 1988-இல் மலாவியிலிருந்து கொண்டுவந்த பெண்பூச்சிகளின் வழித்தோன்றல்கள் இன்றும் ஆய்வகங்களில் வளர்கின்றன. 27 டிகிரியில் வளர்த்தால் பெரிய கண்புள்ளி, 20-க்குக் கீழே போனால் புள்ளி சுருங்கிய உருவம். ஒரே தாயின் பிள்ளைகளாக இருந்தாலும் அப்படித்தான்.

ஒரே தாயின் 24 புழுக்கள் கையில் இருந்தன. 12-ஐ அறை வெப்பத்தில் வைத்தேன், 27 முதல் 30 டிகிரி. மீதி 12-க்கு ஒரு குளிர்ப்பெட்டி செய்தேன். உயரமான தெர்மாகோல் பெட்டி, மூடிக்குப் பதில் கண்ணாடி, மேலே எல்.இ.டி. விளக்கு தினமும் 12 மணி நேரம். உள்ளே நெல் தொட்டி. நான்கு மூலையிலும் ஃப்ரீசரில் உறைய வைத்த தண்ணீர்ப் புட்டிகள். காலை, மாலை, படுக்கப்போகும் முன் என்று மூன்று தடவை மாற்றினேன். குறைந்தபட்சமும் அதிகபட்சமும் காட்டும் வெப்பமானி ஒன்று உள்ளே. 19-க்கும் 22-க்கும் நடுவில் நின்றது. ஒரே ஒரு நாள் மதியம் மட்டும் 25 தொட்டது.

குளிர்ப்பெட்டியில் நான் செய்த தவறு, காற்றோட்டம் வைக்காதது. குளிர்ந்த புட்டியில் வியர்த்த நீர் வழிந்து மண்ணில் சேர்ந்தது, கண்ணாடியில் துளிகள் கோத்து நின்றன. எட்டாம் நாள் இலையில் வெள்ளைப் பஞ்சு மாதிரி பூஞ்சை. அடுத்த மூன்று நாளில் மூன்று புழுக்கள் தொய்ந்து, கறுத்து, தலைகீழாகத் தொங்கின. உடனே அந்தத் தொட்டியை அப்படியே வெளியேற்றி, பெட்டியைச் சோப்பு போட்டுக் கழுவி வெயிலில் காயவைத்து, பக்கவாட்டில் மேலே நான்கும் கீழே நான்குமாக விரல் பருமனில் துளையிட்டேன். புட்டிகளுக்குத் துணியுறை போட்டு, அடியில் தட்டு வைத்தேன். அதற்கப்புறம் துளி கோக்கவில்லை. யாராவது இதைச் செய்வதாக இருந்தால் துளையை முதல் நாளே போட்டுவிடுங்கள். மூன்று உயிர் போய்த்தான் எனக்கு அது தெரிந்தது.

புழு வளர்வதைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் நிறுத்த முடியாது. பகல் முழுக்க இலையின் அடியில் நீளவாக்கில் படுத்திருக்கும். பச்சை உடம்பில் மெல்லிய வெளிர்க் கோடுகள் இலை நரம்போடு ஒத்துப்போகும். பின்முனை இரண்டாகப் பிரிந்து வால் மாதிரி நீளும். பழுப்பன் புழுக்களின் அடையாளமே அந்தப் பிளவு வால்தான். இருட்டிய பிறகு, இலை நுனியிலிருந்து தின்னத் தொடங்கும். அறை அமைதியாக இருந்தால், கடைசிப் பருவத்தில், தின்னும் சத்தம் கேட்கும். காகிதத்தை நகத்தால் லேசாகச் சுரண்டுவது மாதிரி.

அக்கா மகள் விடுமுறைக்கு வந்திருந்தாள். ஒரு காலையில் கூண்டருகே உட்கார்ந்திருந்தவள், "மாமா, இதுக்கு மூஞ்சிக்கு மேல இன்னொரு மூஞ்சி இருக்கு" என்றாள். தோலுரிக்கும் நேரம். புதுத் தலை பழைய தலைக்குப் பின்னால் கழுத்துத் தோலுக்குள் உருவாகிவிடும். அப்போது புழு ஒரு நாளுக்கு மேல் அசையாமல் இருக்கும். செத்துவிட்டது என்று நினைத்துத் தொட்டுவிடக் கூடாது. நாங்கள் பார்க்கும்போது தோல் ஏற்கெனவே வால் பக்கம் சுருண்டு ஒதுங்கியிருந்தது. பழைய தலை ஓடு மட்டும் முகமூடி மாதிரி வாயருகே ஒட்டிக்கொண்டிருந்தது. புழு தலையை இப்படியும் அப்படியும் ஆட்டி, இலையில் தேய்த்து, முன்கால்களால் தள்ளி, நாலைந்து நிமிடத்தில் அதை உதிர்த்தது. புதுத் தலையில் கொம்புகள் ஈரமாக, முதுகுப் பக்கம் மடங்கிக் கிடந்தன. கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்ந்து, மதியத்துக்குள் செம்பழுப்பாகக் கெட்டியாயின. உதிர்ந்த ஓட்டைக் கீழிருந்து பொறுக்கி அவள் நோட்டில் ஒட்டிவைத்தாள், கொம்போடு. ஐந்து பருவத்துக்கும் ஒவ்வொன்று சேர்த்து, கீழே தேதியும் எழுதிவிட்டுத்தான் ஊருக்குப் போனாள்.

கடைசிப் பருவத்தில் தீனி ஒரேயடியாக ஏறிவிடும். 11 புழுக்கள் ஒரு கினிப்புல் தொட்டியை நாலு நாளில் மொட்டையடித்துவிட்டன. பத்து நாள் இடைவெளியில் விதைத்து வைத்திருந்தது அப்போதுதான் கைகொடுத்தது. எச்சத்தைத் தினமும் தூரிகையால் கூட்டி எடுத்தேன். உருண்டை கெட்டியாக இருந்தால் நலம், இளகி ஈரமாக இருந்தால் அந்தப் புழுவைத் தனியே பிரித்துவிட வேண்டும்.

அறை வெப்பத்தில் வளர்ந்தவை பொரித்த 22-ஆம் நாள் கூட்டுப்புழுவாயின. குளிர்ப்பெட்டியில் 41 நாள். கூட்டுப்புழு பச்சை, வழவழப்பு, இலையின் அடியில் வால்முனையால் தொங்கும். பார்க்கப் பிஞ்சுக் காய் மாதிரி. இங்கே ஒரு சிக்கல் வந்தது. புழுக்கள் தின்று மொட்டையடித்த புல்லில், மிஞ்சிய இலையிலேயே கூடு கட்டியிருந்தன. இரண்டு நாளில் அந்த இலை காய்ந்து சுருண்டு, ஒன்று கீழே விழுந்துவிட்டது. அதை எடுத்து வலையோரம் வைத்தேன். எட்டாம் நாள் வெளிவந்த பூச்சிக்கு ஏறித் தொங்க இடம் கிடைக்கவில்லை. வலையின் தொளதொளத்த மடிப்பில் சறுக்கி விழுந்து, ஒரு பக்கச் சிறகு சுருங்கியபடியே கெட்டியாகிவிட்டது. பறக்க முடியாது. பன்னிரண்டு நாள் பழச்சாறு கொடுத்து வைத்திருந்தேன்.

மீதியைக் காப்பாற்றிய வழி இதுதான். கூட்டுப்புழு வாலைப் பதித்திருக்கும் பட்டுத் திட்டோடு இலையை இரண்டு விரல்கடை நீளத்துக்கு வெட்டி, பருத்தி நூலால் ஒரு சொரசொரப்பான குச்சியில் கட்டி, குச்சியைப் படுக்கைவாக்கில் வைத்தேன். கீழே பூச்சியின் சிறகு விரிய ஒரு சாண் இடைவெளி. வெளிவந்ததும் கூட்டையோ குச்சியையோ பற்றித் தொங்க முடிந்தால் போதும். இருபது நிமிடத்தில் சிறகு விரிந்துவிடும், முழுதாகக் காய்ந்து பறக்கச் சில மணி நேரம் ஆகும். அந்த நேரத்தில் பழுப்பு கலந்த சிவப்புத் துளிகள் சொட்டும். ரத்தமில்லை, கூட்டுக்குள் சேர்ந்த கழிவு.

அறை வெப்பத்துக் கூட்டத்தில் வந்த 11-க்கும் கண்புள்ளி தெளிவாக இருந்தது. குளிர்ப்பெட்டியில் பூஞ்சையால் போன 3, பொரித்த வாரத்திலேயே காணாமல்போன 1, கூட்டுக்குள்ளேயே இறந்த 1 போக, 7 வெளிவந்தன. முதலாவது வந்தபோது விடியற்காலை. டார்ச் அடித்துப் பார்த்தேன். வைக்கோல் நிறத்தில் காய்ந்த இலை ஒன்று, நடுநரம்பு மாதிரி ஒரு கோடு, கண்புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் ஊசி குத்திய மாதிரி ஐந்தாறு பொட்டு. முன்சிறகின் நுனியும் கூடுதலாக வளைந்திருந்தது. ஏழில் ஐந்து இப்படி. இரண்டு நடுவாந்தரம், புள்ளி சிறியது ஆனால் வளையம் தெரிந்தது. இவற்றின் அக்கா தங்கைகள் மழைக்கால உடையில் மூன்று வாரத்துக்கு முன்பே பறந்துபோயிருந்தன. ஒரே தாய், மாறியது எட்டு டிகிரி. நான் அன்று காலை வேறு வேலை எதுவும் செய்யவில்லை.

இப்போது ஃபோர் ரிங். இது வேறு மாதிரிப் பூச்சி. பின்சிறகின் அடிப்பக்கம் நான்கு வளையம், மேலே ஒன்று தனியாக, கீழே மூன்று வரிசையாக. முழங்கால் உயரத்துக்கு மேல் போகாது. துள்ளித் துள்ளிப் பறந்து பத்தடியில் உட்கார்ந்துவிடும். இதற்கு மெல்லிய புல் வேண்டும், தூரில் காய்ந்த சருகும் வேண்டும். புழு பகலில் அந்தச் சருகுக்குள்தான் பதுங்குகிறது. என் அருகம்புல் தொட்டியில் சருகு சேரவில்லை என்பதால், நாற்றுப்பண்ணை ஒன்றில் பத்தையாக விற்கும் புல்தரையை வாங்கி வந்து ஒன்பது புழுக்களை விட்டேன். மறுநாள் காலை ஒன்பதும் இறந்திருந்தன, உடம்பு வில்லாக வளைந்து, வாயில் பச்சைத் திரவத்தோடு. அந்தப் புல்லுக்குப் பூச்சிமருந்து அடித்திருக்கிறார்கள். கேட்காமல் வாங்கியது என் கவனக்குறைவு. வாங்கிய புல் எதுவாக இருந்தாலும் வளர்ந்த இலையை முழுக்க வெட்டிவிட்டு, இரண்டு மாதம் வைத்திருந்து, புதிதாகத் துளிர்த்ததில் ஒரே ஒரு புழுவை விட்டுப் பார்த்த பிறகுதான் இப்போதெல்லாம் பயன்படுத்துகிறேன்.

அதற்குப் பிறகு ஃபோர் ரிங்கைக் கூண்டில் வளர்க்க மனம் வரவில்லை. மாற்றாக, இரண்டு மீட்டருக்கு ஒன்றரை மீட்டர் மண்ணை அப்படியே புல்லுக்கு விட்டேன். மூன்று பாகமாகப் பிரித்து, மாதம் ஒரு பாகத்தை மட்டும் வெட்டுகிறேன், அதுவும் தரையோடு சேர்த்து அல்ல, பத்து சென்டிமீட்டர் விட்டு. தூரில் சேரும் சருகைத் தொடுவதில்லை. வெட்டிய புல்லை ஓரமாக இரண்டு நாள் போட்டுவைத்தால், அதிலிருக்கும் புழுக்கள் பச்சைக்கு நகர்ந்துவிடும். முழுதாக ஒரே நாளில் மழித்தால் முட்டை, புழு, கூடு எல்லாம் ஒன்றாகப் போய்விடும். மூன்றாம் மாதத்தில் முதல் ஃபோர் ரிங் வந்தது. ஐந்தாம் மாதம் பெண்ணொன்று புல்லில் வயிற்றை வளைத்து உட்கார்ந்து எழுந்ததைப் பார்த்தேன். விலக்கிப் பார்த்தால் வெளிர்நீலப் பச்சையில் ஒற்றை முட்டை. சுவரோரம் ஈரநிழலில் புஷ்பிரவுன் எனும் இன்னொரு பழுப்பனும் நிரந்தரமாகக் குடியேறிவிட்டது.

வாரம் ஒரு முறை, வெயில் இருக்கும் நாளில், ஒரே பாதையில் ஒரே வேகத்தில் நடந்து எண்ணுகிறேன். இரண்டு பக்கமும் சேர்த்து ஐந்து மீட்டர் அகலத்துக்குள் வருவது மட்டும் கணக்கு. பிரிட்டனில் 1976 முதல் இதே முறையில்தான் பட்டாம்பூச்சிகளை எண்ணி வருகிறார்கள். என் பாதை மொத்தம் அறுபது மீட்டர்தான். இருந்தாலும் புல் வெட்டிய வாரமும் வெட்டாத வாரமும் நோட்டில் பளிச்சென்று தெரிகின்றன.

மலைப் பழுப்பன்களை வளர்க்கலாமா என்று ஒரு நண்பர் கேட்டார். கூடாது. மேற்குத் தொடர்ச்சி மலையின் உயரப் புல்வெளிகளில் நீலகிரி ஃபோர் ரிங், பழனி ஃபோர் ரிங் என்று இரண்டு உண்டு. உலகில் வேறெங்கும் கிடையாது. அவற்றின் புல்வெளிகளில் கணிசமான பகுதியைச் சீகை மரமும் யூக்கலிப்டஸும் பிடித்துக்கொண்டன. மிஞ்சியிருப்பவற்றில் பல இடங்கள் பாதுகாக்கப்பட்டவை. அங்கிருந்து முட்டை எடுத்து வருவது பெருந்தவறு. குளிர் நாடுகளின் மலைகளில் வாழும் எரேபியா பேரினத்துப் பழுப்பன்களில் சிலவற்றுக்குப் புழுப் பருவமே இரண்டு வருடம். பனிக்காலத்தைப் புல் தூருக்குள் தூங்கிக் கழிக்கும். தெர்மாகோல் பெட்டியும் ஐஸ் புட்டியும் அதற்கு ஈடாகாது.

ஆனால் போய்ப் பார்க்கலாம். வளர்த்த பிறகு பார்ப்பது தனி அனுபவம். மலைப் புல்வெளியில் ஒரு முற்பகல் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். வெயில் இருக்கும்போது புல் நுனியெல்லாம் பழுப்பன்கள், சிறகை வெயிலுக்குக் காட்டிச் சாய்ந்துகொண்டு. மலைப் பழுப்பன்களின் அந்த அடர்நிறம் சூட்டை வாங்கிக்கொள்ள உதவுகிறது. மேகம் மறைத்ததும் கடிகாரம் பார்த்தேன். ஒரு நிமிடத்துக்குள் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. எல்லாம் புல் தூருக்குள் இறங்கிவிட்டன. மேகம் விலகியதும் ஒவ்வொன்றாக ஏறி வந்தன. ஒன்று என் முழங்கால் பக்கத்திலேயே புல்லில் ஏறியது. முன்சிறகின் அடியில் ஒரு நரம்பு குழாய் மாதிரி உப்பியிருந்தது. பல பழுப்பன்களுக்குக் கேட்கும் உறுப்பு அந்த இடத்தில்தான். என் கேமரா ஒரு தடவை க்ளிக் என்றது, அது போய்விட்டது.

வறட்சி உருவப் பூச்சிகளில் கடைசியானதை ஒரு மாலை வெளியே விட்டேன். கையிலிருந்து எழுந்து, மதில் பக்கம் இரண்டு சுற்று சுற்றி, உதிர்ந்த இலைக் குவியலில் இறங்கியது. இறங்கிய இடத்தைக் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டே அருகில் போனேன். இரண்டடி தூரத்தில் மண்டியிட்டுப் பத்து நிமிடம் தேடியும் எது இலை, எது பூச்சி என்று தெரியவில்லை. எழுந்தபோது என் கால் பட்டு ஒரு சருகு மட்டும் புரண்டது, அடுத்த சருகு பறந்துபோனது.

நெல் தொட்டிகளில் மறுபடி விதைத்திருக்கிறேன். முதல் தொட்டி இப்போது பன்னிரண்டு நாள்.